பக்கத்து மேசை

ஊர் சுற்றிப் பார்க்கக் கார் பேசியிருப்பதாக அண்ணன் மனுவேல் வந்து சொன்னபோதே பிளாரன்சுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. துபாயிலிருந்து லீவில் வந்த நாள் முதலாக அவன் தெருவில் இறங்கியதெல்லாம் பூசைக்கும் மீன் வாங்கவும்தான். "புதுத் துறைமுகத்தையாவது ஒரு தடவை கூட்டிட்டுப் போய்க் காட்டுங்களேன்" என்று அவன் மனைவி கிரேசி கேட்டதற்கு, "கப்பலையும் கிரேனையும் பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு பூத்துப் போச்சு, நீ வேற" என்று பாயில் புரண்டு படுத்துக்கொண்டவன். அப்படிப்பட்டவன், கயத்தாறு, கோவில்பட்டி, எட்டயபுரம், கடைசியாக வேம்பார், அங்கிருந்து கடலோர ரோட்டில் திரும்பித் தூத்துக்குடி என்று ஒரு பெரிய வட்டமே போட்டுக்கொண்டு வந்து நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"எனக்கு டூட்டி இருக்கு" என்றாள் பிளாரன்ஸ்.

"நாளைக்கு ஒனக்கு ஆஃப்னு எனக்குத் தெரியும்ளா. மதினிகிட்ட நீதான் சொல்லியிருக்க."

அடுப்படியில் நின்ற கிரேசி திரும்பிப் பார்க்கவில்லை. கத்தரிக்காயை வெறித்துப் பார்த்து நறுக்கிக்கொண்டிருந்தாள். மதினி பொய் சொல்லத் தெரியாதவள். பொய் சொல்ல வேண்டிய இடம் வந்தால் இப்படித்தான் ஏதாவது காய்கறியைப் பார்ப்பாள்.

பிளாரன்ஸ் தூத்துக்குடி தொலைபேசி நிலையத்தில் டிரங்க் ஆபரேட்டர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, போர்டின் முன்னால் உட்கார்ந்து, மதுரையையும் மெட்ராசையும் கொச்சியையும் தூத்துக்குடியோடு சேர்த்துவைக்கிற வேலை. இருபத்தெட்டு வயதாகியும் அவளை யாரோடும் சேர்த்துவைக்க முடியவில்லை என்பதுதான் குடும்பத்தின் கவலை. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கவலை முழுதும் மனுவேலின் தலையில் வந்து விழுந்தது. அவன் துபாயில் இருக்கும்போது கிரேசிதான் ஆள் விட்டு, சொல்லி அனுப்பி, இரண்டு இடம் பார்த்தாள். முதல் இடம் பெண் உயரம் என்று சொல்லி விலகிக்கொண்டது. இரண்டாவது இடத்துக்காரர்கள் வீட்டுக்கே வந்தார்கள். பிளாரன்ஸ் காப்பித் தட்டோடு கதவுக்குப் பின்னால் நிற்கும்போது, வந்தவர்களில் ஒரு பெண் சொன்னாள்: "ராத்திரி டூட்டி பாக்குத பிள்ளையாம்லா. ஊர்ல உள்ள ஆம்பளைய கூடயெல்லாம் பேசிக்கிட்டு இருக்கணுமே." யாரோ சிரித்தார்கள். தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு சத்தம் போட்டன. அன்று சாயங்காலம் கிரேசியிடம் சொல்லிவிட்டாள்: "மதினி, இனிமே நான் தட்டைத் தூக்கிட்டு எவன் முன்னாலயும் போய் நிக்க மாட்டேன். என்னைய எவனாவது கெட்டுனாலும் சரி, கெட்டாட்டாலும் சரி."

இப்போது அண்ணனின் லீவு முடியப் போகிறது. போகிறதற்குள் தங்கையை ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று அவன் தவிக்கிற தவிப்பு வீட்டுச் சுவர்களுக்குக்கூடத் தெரியும். அதனால்தான் பிளாரன்ஸ் வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவன் ஆமாம் என்பான், அல்லது பொய் சொல்வான். இரண்டையும் தாங்கிக்கொள்ளத் தன்னால் முடியாது என்று தோன்றியது.

காலையில் கிரேசி, "அந்த ஊதாச் சேலையைக் கெட்டுளா, ஒனக்கு எடுப்பா இருக்கும்" என்றாள். பிளாரன்ஸ் வேண்டுமென்றே வெளுத்துப்போன காப்பிக் கலர் வாயில் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். கிரேசியின் முகம் வாடிவிட்டது. இனிச் சந்தேகம் என்று சொல்வதற்கில்லை.

வாடகை அம்பாசிடரை ஓட்டி வந்தவர் மாசானம். நடுவயது தாண்டியவர். திருநெல்வேலிச் சீமையில் ஒரு கல் பாக்கியில்லாமல் கதை வைத்திருப்பவர். உப்பளங்களைத் தாண்டுவதற்குள்ளாகவே ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணாச்சி, வல்லநாட்டு மலையில மான் நிக்கும். காலைல போனா ரோட்டுல இருந்தே பாக்கலாம். நிப்பாட்டவா?"

"வேண்டாம், நேரே போங்க."

"திருநவேலில அல்வா வாங்காமப் போறது நல்லால்லியே."

"வரும்போது பாத்துக்கிடுவோம்."

"நாம இந்த வழியில திரும்பலியே அண்ணாச்சி. வேம்பார் வழியால்லா வாறோம்?"

மனுவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவன் எதற்குக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்? பின் சீட்டில் பிளாரன்ஸ் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

கயத்தாற்றில் கார் நின்றது. ரோட்டோரம் கட்டபொம்மனின் சிலை வெயிலில் நிமிர்ந்து நின்றது. "இங்கனதான் தூக்குல போட்டாங்களா?" என்று கிரேசி கேட்க, மாசானம் தலையிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, புளியமரம் எங்கே நின்றது, வெள்ளைக்காரன் எங்கே நின்றான், மற்றப் பாளையக்காரர்களையெல்லாம் வரவழைத்து எப்படி வேடிக்கை பார்க்க நிறுத்தினான் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். பிளாரன்சுக்குச் சிலையைப் பார்க்க ஓடவில்லை. வேடிக்கை பார்க்க நிறுத்தினான் என்ற வார்த்தை மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. சுற்றிலும் பார்த்தாள். சிலைக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன், குடையை ஊன்றிக்கொண்டு தனியாக நின்றான். நல்ல வெயிலில் ஏன் குடையை விரிக்காமல் நிற்கிறான்? பார்த்துக்கொண்டே இருக்கும்போது அவன் நடந்து வந்து மனுவேலிடம் ஏதோ கேட்டான். பிளாரன்ஸ் சட்டென்று காருக்கு மறுபக்கம் போய்விட்டாள். காது இரண்டும் அடைத்துக்கொண்டது. சிறிது நேரம் கழித்து எட்டிப் பார்த்தபோது, மதுரை பஸ் வந்து நின்றது. குடைக்காரன் ஓடிப்போய் அதில் ஏறிக்கொண்டான்.

"என்னளா, அங்கன போய் ஒளிஞ்சு நிக்க?" என்று சிரித்தான் மனுவேல்.

"வெயிலா இருக்கு" என்றாள்.

கோவில்பட்டிக்குள் நுழைந்ததும், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆட்டுக்கறிச் சாப்பாடு பிரமாதமாக இருக்கும் ஒரு கடை தனக்குத் தெரியும் என்று மாசானம் சொன்னார். மனுவேல் கேட்கவில்லை. மெயின் ரோட்டில் குறிப்பிட்ட ஓர் ஓட்டலைப் பெயர் சொல்லி, அங்கேதான் போக வேண்டும் என்றான். "அது சைவம்லா அண்ணாச்சி!" என்று மாசானம் திகைத்துப்போனார். மீன் இல்லாமல் சோற்றைத் தொடாத அண்ணன், கறிக்கடையை விட்டுவிட்டுச் சைவ ஓட்டலைத் தேடிப் போகிறான்.

உள்ளே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மனுவேல் ஒரு மேசையில் உட்காரப் போனவன், எழுந்து இன்னொரு மேசைக்குப் போனான். "நீ இங்கன உக்காரு" என்று பிளாரன்சைச் சுவர்ப் பக்கமாக, கூடம் முழுக்க முகம் தெரிகிற மாதிரி உட்கார வைத்தான். இலை வந்தது. சோறு வந்தது. அவள் கண் இலையில் இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் மீசையை முறுக்கிக்கொண்டு ஒருவன் நின்றான். அவனா? வயதான அம்மாவோடு உட்கார்ந்து, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்த அவனா? கை கழுவப் போகிறவன் ஏன் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான்? எதிரே, கழுத்தில் தங்கச் சங்கிலி போட்ட பருத்த ஆள் ஒருவர் ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு தடவை நிமிர்ந்து அவளையே பார்த்தார். அண்ணனைவிட வயது கூடுதலாக இருக்கும். கடவுளே, இவர் வேண்டாம், இவர் மட்டும் வேண்டாம் என்று மனதுக்குள் ஜெபம் சொன்னாள். கடைசியில் அவர், "மணி ஆயிட்டு" என்று தன் கூட வந்தவரிடம் சொல்லிக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். அவள் தலைக்கு மேலே சுவரில் கடிகாரம் தொங்கியது.

திரும்பிய வேகத்தில் முழங்கை பட்டுத் தண்ணீர்ச் செம்பு உருண்டது. மேசையெல்லாம் தண்ணீர். இலையில் ரசமும் தண்ணீரும் கலந்து மடியை நோக்கி ஓடி வந்தன. கிரேசி பதறி எழுந்தாள். பக்கத்து மேசையிலிருந்து யாரோ ஒரு கை, மடித்த துண்டு ஒன்றை நீட்டியது. கிரேசி வாங்கித் துடைத்தாள். பிளாரன்ஸ் தலையைத் தூக்கவே இல்லை. கூடமே தன்னைத்தான் பார்க்கிறது என்று தோன்றியது.

சாப்பிட்டு முடித்து வெளியே வந்ததும் மனுவேல் ஆளே மாறியிருந்தான். கடலை மிட்டாய் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தான். மாசானத்தின் முதுகில் தட்டினான். கார் ஓடும்போது ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தான். அவனுடைய கவலையைப் பார்த்துப் பயந்ததைவிட, அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து அவள் அதிகமாகப் பயந்தாள். அப்படியானால் இனிமேல்தான் வரப்போகிறது. எட்டயபுரத்தில்தான்.

எட்டயபுரம் மணிமண்டபத்தில் வேப்பமர நிழல் நன்றாக இருந்தது. கிரேசியும் அவளும் படத்தையெல்லாம் பார்த்துவிட்டு வந்து நிழலில் உட்கார்ந்தார்கள். மனுவேல் கல்வெட்டில் எழுதியிருந்ததை ஒரு தடவை படித்தான். இன்னொரு தடவை படித்தான். படிக்கிற பழக்கமே இல்லாதவன். பிறகு வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்தான். கோவில்பட்டியிலிருந்து ஒரு பஸ் வந்தது. இறங்கியவர்களைப் பார்த்தான். திரும்பி வந்து உட்கார்ந்தான். மறுபடி எழுந்துபோனான்.

ஒவ்வொரு பஸ்ஸுக்கும் பிளாரன்சின் உள்ளங்கை வேர்த்தது. சேலையில் துடைத்துக்கொள்வாள். பஸ் போய்விடும். மறுபடி வேர்க்கும்.

வெயில் சாய்ந்தது. எதிரே டீக்கடையில் டீ குடித்தார்கள். காராச்சேவு தின்றார்கள். மறுபடி டீ குடித்தார்கள். "அண்ணாச்சி, இருட்டுததுக்குள்ள கடக்கரை ரோட்டைப் பிடிக்கணும். அந்த ரோடு சுகமில்ல" என்று மாசானம் சொன்னார். "இன்னும் கொஞ்ச நேரம்" என்றான் மனுவேல். அவன் குரலில் பாட்டு முணுமுணுத்த மனிதன் இல்லை. முகம் சுருங்கி, நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டு, காலி ரோட்டைப் பார்த்து நின்றான்.

அதைப் பார்த்த நேரத்தில்தான் பிளாரன்சுக்கு விளங்கியது. யாரோ வருவதாக இருந்தார்கள். வரவில்லை. ஏன் வரவில்லை? அதற்கு முன்னால் எங்கேயோ அவளைப் பார்த்துவிட்டார்கள். பார்த்துவிட்டு, வேண்டாம் என்று போய்விட்டார்கள். காலையிலிருந்து எதற்குப் பயந்து செத்துக்கொண்டிருந்தாளோ அது எப்போதோ முடிந்துபோய்விட்டது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

நெஞ்சில் இருந்த பாரம் இறங்கும் என்று நினைத்தாள். இறங்கவில்லை. இன்னொரு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

வேம்பாருக்குப் போகிற வழியில் மாசானம் ஒரு கதையும் சொல்லாமல் காரை விரட்டினார். ஊருக்குள் நுழைந்து கடற்கரையில் காரை நிறுத்தியபோது வள்ளங்கள் கரையேறிக் கிடந்தன. மனுவேல், "கோவில்ல ஒரு ஜெபம் சொல்லிட்டு வாறேன்" என்று தனியாக நடந்தான். ஓலைக் கூரை போட்ட சாப்பாட்டுக் கடை ஒன்றில் சூடாக மீன் பொரித்தார்கள். கிரேசி இரண்டு தட்டு வாங்கிவந்து, ஒன்றைப் பிளாரன்சிடம் கொடுத்துவிட்டுத் தன் தட்டிலிருந்த மீனையே முறைத்துப் பார்த்தாள்.

"மதினி, மீனைப் பாக்காதீங்க. என்னையப் பாத்துச் சொல்லுங்க. எங்க வச்சுப் பாத்தாங்க?"

கிரேசியின் கண் நிறைந்துவிட்டது. "கோவில்பட்டி ஓட்டல்ல வச்சு."

"எந்த ஆளு?"

"பக்கத்து மேசை. நீ தண்ணியக் கொட்டுனப்போ துண்டு நீட்டுனாரே, அவருதான். சிலுவைன்னு பேரு. இந்த ஊருதான். கோவில்பட்டி மில்லுல பிட்டரா இருக்காரு. அப்பா அம்மா இல்ல. அக்கா ஒருத்திதான். ஓட்டல்ல பாத்துட்டு, பிடிச்சிருந்தா எட்டயபுரத்துக்கு வந்து பேசுதேன்னாராம். ஒங்க அண்ணன்..." கிரேசி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பிளாரன்ஸ் நினைத்துப் பார்த்தாள். எத்தனை யோசித்தும் முகம் வரவில்லை. கல்லாப் பக்கத்து மீசை நினைவிருந்தது. தங்கச் சங்கிலி நினைவிருந்தது. குடைக்காரனின் நெற்றி வேர்வைகூட நினைவிருந்தது. கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து தன்னைப் பார்த்து, எடைபோட்டு, வேண்டாம் என்று எழுந்து போனவனை மட்டும் அவள் பார்க்கவே இல்லை. துண்டை நீட்டிய கை மட்டும்தான். அதுவும் பாதிதான்.

தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கோவிலை நோக்கி நடந்தாள். மனுவேல் கோவிலுக்குள் இல்லை. வெளியே மணலில், கடலைப் பார்த்துக் குந்தியிருந்தான். அவள் வருவதைப் பார்த்ததும் எழப் போனான். அவள் முகத்தைக் கண்டு மறுபடியும் உட்கார்ந்துவிட்டான்.

"மதினி சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டாங்க."

"தட்டோட ஒன்னைய நிக்க வைக்கப்பிடாதுன்னுதாம்ளா இப்பிடிச் செஞ்சேன். அதுல ஒனக்கு எம்புட்டு வருத்தம்னு அவ எழுதியிருந்தா."

"தட்டோட நின்னப்போ நிக்கேன்னு எனக்குத் தெரியும் அண்ணே. இன்னைக்கு அதுகூடத் தெரியாம நின்னேன். காலைல இருந்து ரோட்டுல போறவன் வாறவன் எல்லாரும் என்னையப் பாக்க வந்தவன்னு நெனச்சிக்கிட்டு... சோறு எறங்கல எனக்கு. ஒனக்கு அது தெரியலியா?"

மனுவேல் மணலைக் கையில் அள்ளி விரல் வழியாக விட்டான். "எனக்குப் பயமா இருக்குளா. நான் அங்க கெடக்கேன். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, கிரேசிக்கு அவ அப்பன் வீடு இருக்கு. ஒனக்கு?"

"எனக்கு வேலை இருக்கு."

"வேலை இருக்கு..." என்று அவன் திருப்பிச் சொன்னான். அது ஒரு பதில்தானா என்று சோதித்துப் பார்க்கிறவன் மாதிரி. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இனிமே ஒன்னையக் கேக்காம எதுவும் செய்ய மாட்டேன். மாதா மேல சத்தியம்."

அவன் அழுதிருக்கிறான் என்பது கிட்டத்தில் பார்க்கும்போதுதான் தெரிந்தது. அவளுக்கு இன்னும் கோபம் இருந்தது. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கார் ஹாரனை மாசானம் அடிக்கிறவரைக்கும் இருவரும் அப்படியே இருந்தார்கள்.

மூன்றாம் நாள் பகல் டூட்டி. போர்டில் விளக்குகள் மாறி மாறி எரிந்துகொண்டிருந்தன. கோவில்பட்டி லைனில் அந்த ஊர் ஆபரேட்டர் தங்கத்தாயின் குரல் வந்தது. நேரில் பார்த்ததில்லையென்றாலும், தினமும் பேசுகிற குரல்.

"தூத்துக்குடி, கோவில்பட்டி பேசுதேன். பி.பி. கால் ஒண்ணு. நம்பர் எழுதிக்கோ."

பேர் சொல்லி ஆளை வரவழைத்துப் பேசுகிற கால். பிளாரன்ஸ் எழுதினாள். எழுதும்போதே பேனா நின்றுவிட்டது. அவள் தெருமுனை மருந்துக் கடையின் நம்பர். துபாயிலிருந்து போன் என்றாலும் அங்கேதான் வரும்.

"ஆள் பேரு மனுவேல். கூப்பிடுறவர் பேரு சிலுவை. போஸ்ட் ஆபீஸ்ல இருந்து பேசுதாரு. எழுதிட்டியா? ஏளா, இருக்கியா?"

"இருக்கேன்" என்றாள்.

மருந்துக் கடைக்குப் போட்டாள். கடைக்கார அண்ணாச்சி, "மனுவேலா? ஆள் அனுப்புதேன், லைன்ல இருங்க" என்று ரிசீவரை மேசையில் வைத்தார். தங்கத்தாய் அடுத்த காலுக்குப் போய்விட்டாள். இப்போது லைனில் அந்தப் பக்கம் மூச்சுவிடுகிற ஒருவர், இந்தப் பக்கம் பிளாரன்ஸ். வேறு யாரும் இல்லை.

"ஹலோ, மனுவேல் அண்ணாச்சியா?"

"ஆபரேட்டர் பேசுறேன். கூப்பிடப் போயிருக்காங்க. லைன்ல இருங்க."

"சரிங்க."

அத்தோடு, தன் காதுக் கருவியை லைனோடு சேர்க்கிற சாவியை மூடிவிட்டு ஒதுங்கியிருக்க வேண்டும். அதுதான் சட்டம். சந்தாதாரரோடு சொந்தப் பேச்சுப் பேசினால் மெமோ கொடுப்பார்கள். சூப்பர்வைசர் அம்மாவின் செருப்புச் சத்தம் பின்னால், வரிசையின் கோடியில் கேட்டது. பிளாரன்ஸ் சாவியில் விரலை வைத்தாள். விரல் அசையவில்லை. எதற்காக அண்ணனைக் கூப்பிடுகிறான்? வேண்டாம் என்று வாயால் ஒருமுறை சொல்லி முடித்துவிடவா? அதைக் கேட்டுவிட்டு அண்ணன் எந்த முகத்தோடு வீட்டுக்குள் வருவான்?

"ஏன் எட்டயபுரத்துக்கு வரல?"

தான்தான் கேட்டோம் என்பது கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"நீங்க..." என்றது குரல். "ஐயையோ. நீங்க அங்கதான் வேலை பாக்குதீங்கன்னு சொன்னாவ. எனக்கு இது தோணவே இல்ல."

"ஏன் வரலன்னு கேட்டேன்."

"சொல்லுதேன். எங்கிட்ட, பொண்ணுக்கு எல்லாம் தெரியும்னுதான் சொன்னாவ. சம்மதிச்சுத்தான் வாராவன்னு. ஓட்டல்ல வந்து உக்காந்த பொறவுதான் பாத்தேன். நீங்க வாற ஆளு போற ஆளு எல்லாரையும் மெரண்டு மெரண்டு பாத்தீங்க. ஒங்ககிட்டச் சொல்லாமக் கூட்டிட்டு வந்திருக்காவன்னு அப்பத்தான் புரிஞ்சுது. நான் அங்க ஒரு திருடன் மாதிரி உக்காந்திருக்கேன். துண்டைக் குடுத்தேன், நீங்க நிமிர்ந்துகூடப் பாக்கல. அதுக்கு மேல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு எட்டயபுரத்துக்கு வாறது?"

செருப்புச் சத்தம் நெருங்கியது. பிளாரன்ஸ் முன்னால் குனிந்து, இல்லாத ஒரு துண்டுச் சீட்டில் எதையோ எழுதுவதுபோல விரலை ஓட்டினாள். "கோவில்பட்டி, லைன்ல இருங்க" என்று உரக்கச் சொன்னாள். சத்தம் கடந்துபோனது.

"எங்க அண்ணன் அங்கன சாயங்காலம் வரைக்கும் நின்னான்" என்றாள் மெதுவாக.

"தப்புதான். அதுக்கு மன்னிப்புக் கேக்கணும். ஒங்களைக் கேட்டுட்டு ஒரு பதில் சொல்லுங்கன்னும் கேக்கணும். அதுக்குத்தான் போன் போட்டேன். ஒங்களுக்கு இஷ்டம் இல்லன்னா இத்தோட சரி."

"எனக்கு ராத்திரி டூட்டி உண்டு."

"எனக்கும் மில்லுல நைட் ஷிப்ட் உண்டு." அவருக்கு அது ஏன் சொல்லப்பட்டது என்றே விளங்கவில்லை என்பது குரலில் தெரிந்தது.

மருந்துக் கடைப் பக்கம் ஓடிவருகிற காலடிச் சத்தம். நேரமில்லை.

"நான் ஒங்களைப் பாக்கவே இல்ல" என்றாள் பிளாரன்ஸ் வேகமாக. "வாற ஞாயித்துக்கிழமை இங்க தூத்துக்குடியில பெரிய கோவில் வாசலுக்கு வாங்க. பூசை முடிஞ்சு நிப்பேன். பாத்துட்டு, பேசிட்டுத்தான் சொல்லுவேன். பிடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிருவேன்."

"சொல்லுங்க. வாறேன்."

"ஹலோ! ஹலோ! மனுவேல் பேசுதேன்!" அண்ணனுக்கு மூச்சு வாங்கியது.

"கோவில்பட்டி பேசுங்க" என்று சொல்லி, பிளாரன்ஸ் சாவியை மூடினாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனம் வாசலில் பிதுங்கியது. பிளாரன்ஸ் ஊதாச் சேலை கட்டவில்லை, காப்பிக் கலரும் கட்டவில்லை. டூட்டிக்குக் கட்டுகிற சாதாரணப் பச்சைச் சேலையில் நின்றாள். அண்ணனையும் மதினியையும், தான் கூப்பிடுகிறவரை அங்கேயே இருக்கும்படி சொல்லிக் கோவிலுக்குள் உட்கார வைத்திருந்தாள். மனுவேல் சத்தியத்தைக் காப்பாற்ற முழங்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வந்தவருக்குக் காது கொஞ்சம் பெரியது. அவளைவிட ஒரு விரல்கடை உயரம் குறைவு. சட்டைக் காலர் வேர்வையில் நனைந்து, இஸ்திரி போட்ட மடிப்பெல்லாம் அழிந்திருந்தது. அவள் முன்னால் வந்து நின்று, எதைச் சொல்வது என்று தெரியாமல், "பஸ்ல கூட்டம்" என்றார்.

அவர் பயந்துபோயிருந்தார். பார்க்கப்படுகிற ஆள் எப்படி நிற்பான் என்று பிளாரன்சுக்குத் தெரியும். கையை எங்கே வைப்பது, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே அவர் நின்றார். அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் அவசரப்படவில்லை. நிதானமாகப் பார்த்தாள். பிறகு, "வாங்க, கடக்கரைப் பக்கமா நடப்போம். எனக்குக் கேக்க வேண்டியது நெறைய இருக்கு" என்றாள்.

அன்றைக்கு அவள் பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் அவரை வரச் சொன்னாள். இடையில் மனுவேலின் லீவு முடிந்து அவன் துபாய்க்குப் போனான். பம்பாய் ரயிலேற மதுரைக்குப் பஸ் ஏறும்வரை அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்க அவனால் முடியவில்லை. மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள்தான் சரி என்றாள். அப்போதும் பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. வேறு ஊர், வேறு வீடு, கோவில்பட்டிக்கு மாற்றல் கிடைக்குமோ கிடைக்காதோ என்று ஆயிரம் இருந்தது. மார்கழி பிறப்பதற்குமுன் பெரிய கோவிலில் அவர்களுக்குக் கல்யாண ஓலை வாசித்தார்கள். பீடத்தில் சாமியார் முதலில் சிலுவையின் பெயரையும் அடுத்து அவளுடைய பெயரையும் படித்தபோது, கூட்டத்தில் தலைகள் திரும்பின. பிளாரன்ஸ் குனியவில்லை. பக்கத்தில் நின்ற கிரேசியின் கையைப் பிடித்துக்கொண்டு, யார் யார் திரும்பினார்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்தாள்.